5.3-ஆர்சி8 கெர்னலில் உள்நுழைவுத் திரை வருவதில்லை. ஏதாவது விசையை அழுத்தினால் வருகிறது (தீர்ந்தது)

வேங்கைமரம் — 11 செப்டம்பர் 2019

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2011-இல் வாங்கிய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. இரண்டாம் தலைமுறை கோர் ஐ5 செயலி, 8 ஜிபி நினைவகம். சென்ற ஆண்டு அதன் ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்தினேன். வட்டு முழுவதும் எக்ஸ்ட்4 கோப்புமுறைமை, மறையாக்கம் கிடையாது, க்னோம் மேசைத்தளம், உள்நுழைவுத் திரையைக் காட்டுவது ஜிடிஎம் நிரல். லினக்ஸின் மையநிரலான கெர்னலின் 5.2 பதிப்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. 5.3 வெளியாகும் முன்பே சோதித்துப் பார்க்கலாம் என்று ஆர்சி8-ஐ (வெளியீட்டுக்கு முந்தைய எட்டாம் சோதனைப் பதிப்பு) மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து நிறுவினேன். அன்றிலிருந்து பூட் பாதியில் நின்றுவிடுகிறது.

கெர்னலைத் தேர்வதற்கான கிரப் பட்டியல் வருகிறது, கெர்னல் ஏறுகிறது, ரூட் பகுதி மவுன்ட் ஆகிறது, சிஸ்டம்டி தன் சேவைகளை ஒவ்வொன்றாகத் தொடங்கும் வரிகள் ஓடுகின்றன. பிறகு திரை கருத்து, இடது மேல் மூலையில் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. வட்டு விளக்கு அணைந்துவிடுகிறது. விசிறிச் சத்தமும் அடங்கிவிடுகிறது. பேனிக் இல்லை, ஊப்ஸ் இல்லை, பிழைச் செய்தி என்று ஒன்றுமே இல்லை. முதல் முறை ஐந்து நிமிடம் காத்திருந்துவிட்டு, பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்தேன்.

இரண்டாம் முறை, உரைமுனையத்துக்குப் போய்ப் பார்க்கலாம் என்று கன்ட்ரோல், ஆல்ட், எஃப்2 விசைகளைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஏழெட்டு முறை அழுத்தியதும் உள்நுழைவுத் திரை தானாக வந்து நின்றது. தற்செயல் என்று எண்ணி மறுபடி பூட் செய்தேன். கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் வருவதில்லை. விசைகளைத் தட்டினால் வந்துவிடுகிறது. இதற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை.

முகில் — 11 செப்டம்பர் 2019

திரை கருத்துப்போகிறது என்றால் முதலில் கிராபிக்ஸ் டிரைவரைத்தான் சந்தேகிக்க வேண்டும். கெர்னல் வரியில் நோமோட்செட் (கிராபிக்ஸ் டிரைவர் திரை அமைப்பை மாற்றாமல் தடுக்கும் தெரிவு) சேர்த்து ஒருமுறை பார்க்கலாம். நானும் ஆர்சி8-தான் ஓட்டுகிறேன். அதே க்னோம், அதே எக்ஸ்ட்4, என்னுடையதும் பழைய இயந்திரம்தான். எனக்கு எந்தச் சிக்கலும் இல்லை. எனவே கெர்னல் பொதுவாகப் பழுதில்லை என்றே நினைக்கிறேன்.

நிரலோடை — 11 செப்டம்பர் 2019

முகில், ஒரே ஒரு கேள்வி: உங்கள் வட்டு மறையாக்கம் செய்யப்பட்டதா? பூட் நடுவில் கடவுச்சொற்றொடர் தட்டச்சு செய்கிறீர்களா?

வேங்கைமரம் அவர்களுக்கு: விசையைத் தட்டினால் விழித்துக்கொள்கிறது என்பதுதான் இந்த இழையில் இதுவரை வந்தவற்றுள் மிக முக்கியமான தகவல். கிராபிக்ஸ் பக்கம் போவதற்கு முன், யார் எதற்காகக் காத்துக் கிடக்கிறார்கள் என்று பார்த்துவிடுவோம். வழக்கமாக இப்படி நின்றுபோன கணினியில் கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் சிஸ்ஆர்க்யூ விசையோடு டபிள்யூ அழுத்தி, முடங்கிக் கிடக்கும் பணிகளின் பட்டியலைக் கேட்போம். இங்கே அது இரண்டு காரணங்களால் உதவாது. முதலாவது, அந்தப் பட்டியல் இடையூறு செய்ய முடியாத உறக்கத்தில் இருக்கும் பணிகளை மட்டுமே காட்டும். நான் சந்தேகிக்கும் காத்திருப்பு அந்த வகையைச் சேர்ந்ததன்று. இரண்டாவது, சிஸ்ஆர்க்யூவும் ஒரு விசைதான்: நோயைப் பார்ப்பதற்காகத் தொட்ட மாத்திரத்தில் நோய் போய்விடும்.

ஆகையால் கணினி தன்னைத் தானே படம் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறிய சிஸ்டம்டி சேவை எழுதுங்கள். பூட் தொடங்கி நாற்பது விநாடி உறங்கிவிட்டு, பிறகு ப்ராக் கோப்பகத்தின் கீழே உள்ள ஒவ்வொரு பணியின் ஸ்டேக் கோப்பையும் (அது எந்த ஃபங்ஷனில் நிற்கிறது என்ற பட்டியல்) படித்து வட்டில் எழுதினால் போதும். சேவையைச் செயற்படுத்திவிட்டு மறுபடி பூட் செய்து, மூன்று நிமிடம் விசைப்பலகையையும் தொடுபலகையையும் தொடாமல் இருங்கள். நெட்வொர்க் கேபிள் இருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். பிறகு கெர்னல் பதிவில் 'ரேண்டம்' என்று தொடங்கும் வரிகள் எந்த விநாடியில் வந்திருக்கின்றன என்றும் குறித்து அனுப்புங்கள்.

முகில் — 11 செப்டம்பர் 2019

ஆம், முழு வட்டு மறையாக்கம்தான். ஒவ்வொரு பூட்டிலும் இருபதுக்கு மேற்பட்ட எழுத்துகள் தட்டச்சு செய்கிறேன். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வேங்கைமரம் — 12 செப்டம்பர் 2019

நோமோட்செட்டால் எந்த மாற்றமும் இல்லை. நிரலோடை ஐயா சொன்னபடி சேவை எழுதிச் சோதித்தேன். ஜிடிஎம் தொடங்கிவைத்த அமர்வுப் பணி ஒன்றின் ஸ்டேக்கில் கீழிருந்து மேலாகப் பார்த்தால், கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் கால் (தற்செயல் எண்களைக் கெர்னலிடம் கேட்கும் அழைப்பு) இருக்கிறது, அதற்கு மேலே 'வெயிட் ஃபார் ரேண்டம் பைட்ஸ்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது, அங்கேயே நிற்கிறது. சிஸ்டம் கால்களைப் பதிவுசெய்யும் எஸ்ட்ரேஸ் வழியாக ஜிடிஎம்-ஐத் தொடங்கிப் பார்த்ததில், அந்த அழைப்பு கேட்டது வெறும் 16 பைட்.

கெர்னல் பதிவில் இரண்டு வரிகள் உள்ளன. 'ரேண்டம்: ஃபாஸ்ட் இனிட் டன்' என்பது மூன்றாம் விநாடியில் வந்திருக்கிறது. 'ரேண்டம்: சிஆர்என்ஜி இனிட் டன்' என்பது 187-ஆம் விநாடியில் வந்திருக்கிறது. மூன்று நிமிடக் காத்திருப்பை முடித்துக்கொண்டு நான் ஷிஃப்ட் விசையைத் தட்டத் தொடங்கிய நேரம் அது.

16 பைட்டுக்காகவா ஒரு கணினி மூன்று நிமிடம் நிற்கும்?

நிரலோடை — 12 செப்டம்பர் 2019

நிற்கும், நீங்கள் தட்டாமல் இருந்திருந்தால் இன்னும் நின்றிருக்கும். சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இதன் வேர் பல ஆண்டுகள் பின்னால் போகிறது.

யூனிக்ஸ் பக்கம் பழகியவர்களுக்குத் தற்செயல் எண்களைத் தரும் ரேண்டம், யூரேண்டம் என்ற இரண்டு சாதனக் கோப்புகளும் தெரிந்திருக்கும். யூரேண்டம் எப்போது கேட்டாலும் எதையாவது கொடுத்துவிடும். கணினி அப்போதுதான் எழுந்தது, உள்ளே இன்னும் போதிய என்ட்ரபி, அதாவது ஊகிக்க முடியாத தற்செயல்தன்மை, சேரவில்லை என்றாலும் கொடுத்துவிடும். அந்த நிலையில் ஒரு மறையாக்கச் சாவியை உருவாக்கினால் அது ஊகிக்கக் கூடியதாகிவிடும். இந்தக் குறையைத் தீர்க்க, 2014-இல் வந்த 3.17 கெர்னலில் கெட்ரேண்டம் என்ற சிஸ்டம் காலைச் சேர்த்தார்கள். அதன் விதி எளிமையானது: கெர்னலின் எண் உற்பத்தி (உங்கள் பதிவில் வந்த சிஆர்என்ஜி அதுதான்) ஒருமுறை முறையாக விதைக்கப்படும் வரை கேட்பவரை நிறுத்திவைக்கும், விதைத்த பிறகு ஒருபோதும் நிறுத்தாது.

விதைப்பதற்கு 128 பிட் என்ட்ரபி வேண்டும். அது எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே கதை. விசை அழுத்தங்களும் சுட்டியின் அசைவும் ஒரு வழி. சுழலும் வட்டு தன் வேலையை முடிக்கும் நேரங்களின் நுண்ணிய ஏற்ற இறக்கம் இன்னொரு வழி; ஆனால் எஸ்எஸ்டி என்று தெரிந்தால் கெர்னல் அந்த வழியை அடைத்துவிடும், அதில் அத்தகைய ஏற்ற இறக்கம் குறைவு என்பதால். மூன்றாவது வழி சாதனங்களின் இன்டரப்டுகள், அதாவது வேலை முடிந்தது போன்றவற்றைச் செயலிக்கு அறிவிக்கும் சைகைகள். ஒவ்வொரு செயலி மையமும் தன்னிடம் வரும் இன்டரப்டுகளின் நேரத்தைச் சிறு குவளையில் சேர்க்கிறது. 64 இன்டரப்டுகள் சேர்ந்தாலோ ஒரு விநாடி கடந்தாலோ குவளையைப் பெரிய தொட்டியில் கொட்டுகிறது. ஒவ்வொரு கொட்டுக்கும் வரவு வைக்கப்படுவது ஒரே ஒரு பிட். செயலியின் சொந்த டைமர் துடிப்பு இந்தக் கணக்கில் சேராது. ஆக, வட்டும் ஓய்ந்து, கையும் படாமல் கணினி அமைதியாகிவிட்டால் தொட்டி நிறைவதும் நின்றுபோகிறது.

உங்கள் ஜிடிஎம் 16 பைட் கேட்பது, திரையில் வரையும் எக்ஸ் சேவையகத்துக்கான அடையாளக் குக்கீயை உருவாக்குவதற்காக. அது கிடைக்காமல் திரை வராது; திரை வராமல் நீங்கள் எதையும் தட்டப் போவதில்லை; நீங்கள் தட்டாமல் 128 பிட் சேரப் போவதில்லை. ஒன்றுக்காக மற்றொன்று காத்திருக்கும் இந்த முடிச்சுதான் நீங்கள் கண்ட கருந்திரை. முகில் அவர்களின் கணினியில் கடவுச்சொற்றொடரைத் தட்டும்போதே தொட்டி நிறைந்துவிடுகிறது. அதனால்தான் அவருக்குச் சிக்கலே தெரியவில்லை.

இன்டெல் செயலிகளில் தற்செயல் எண் தரும் ஆர்டிரேண்ட் என்ற கட்டளை 2012-இன் ஐவி பிரிட்ஜ் தலைமுறையில் வந்தது. உங்களுடையது அதற்கு முந்தைய தலைமுறை. ஆகவே செயலியின் எண்களை நம்பி விதைத்துக்கொள் என்று 4.19 முதல் இருக்கும் அமைப்பும் உங்களுக்கு உதவாது.

முகில் — 12 செப்டம்பர் 2019

விளக்கம் புரிந்தது, நன்றி. ஆனால் ஒரு இடத்தில் இடிக்கிறது. இதெல்லாம் 5.2-இலும் இருந்தவைதானே? அப்போது ஏன் நிற்கவில்லை? ரேண்டம் டிரைவரில் ஏதேனும் மாற்றினார்களா?

நிரலோடை — 12 செப்டம்பர் 2019

சரியான கேள்வி. 2018-இல் ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய்யும்போது, விதைப்பு முடிந்துவிட்டது என்று முன்கூட்டியே அறிவிக்கும் பழக்கத்தை நிறுத்தினார்கள். அந்தத் திருத்தத்துக்குப் பிறகு பல இடங்களில் பூட் தாமதங்கள் தெரியத் தொடங்கின. இந்த ஜூலையில் வந்த டெபியன் 10-இன் வெளியீட்டுக் குறிப்பிலேயே, என்ட்ரபி இல்லாமல் கணினி நிமிடக்கணக்கில், ஏன், மணிக்கணக்கில் கூட நிற்கலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். ஆனால் அது 5.2-க்கும் முந்தையது. 5.2-க்கும் 5.3-க்கும் இடையே என்ன மாறியது என்பதற்கு ஊகம் போதாது. மாற்றங்களைப் பாதி பாதியாகக் கழித்துச் சோதித்துக் காரணத்தைத் தேடும் பைசெக்ட் செய்வதுதான் வழி.

வேங்கைமரம் — 12 செப்டம்பர் 2019

சொல்லத் தயங்கினேன்: இங்கே எழுதும் முன்பே ஒருமுறை பைசெக்ட் செய்தேன். அது கொண்டுபோய் நிறுத்தியது ஓர் ஆவணக் கோப்பில் எழுத்துப்பிழை திருத்திய கமிட்டில் (மூலநிரலில் பதிவான தனி மாற்றம்). அதனால்தான் அதை நம்பாமல் இங்கே வந்து கேட்டேன்.

கடல்வழி — 12 செப்டம்பர் 2019

இதுபோன்ற பிழைகளில் முதல் பைசெக்ட் பொய் சொல்வது மிக இயல்பு. தயவுசெய்து மனம் தளர வேண்டாம். பைசெக்ட் என்பது ஒவ்வொரு படியிலும் 'நன்று', 'பழுது' என்று நீங்கள் சொல்லும் விடையை அப்படியே நம்பி நடக்கும் கருவி. ஒரே ஒரு படியில் தவறான விடை கொடுத்தாலும் அது வரலாற்றின் தவறான பாதிக்குள் நுழைந்துவிடும். அங்கிருந்து திரும்பி வராது. உங்கள் சோதனையில் ஏதாவது ஒரு படியில் கை தொடுபலகையில் பட்டிருக்கும், அல்லது பொறுமையிழந்து ஒரு விசையைத் தட்டியிருப்பீர்கள். பழுதான கெர்னல் அங்கே 'நன்று' என்று பதிவாகியிருக்கும்.

நான் இப்படிச் செய்வேன். கிரப் பட்டியலில் அம்புக்குறி அழுத்துவதால் கெடுதல் இல்லை, அப்போது கெர்னல் இன்னும் ஏறவே இல்லை. ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு கணினியை மேசையில் விட்டுவிட்டு நாற்காலியை ஓரடி பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கெர்னலையும் மூன்று முறை பூட் செய்யுங்கள். மூன்றில் ஒருமுறை நின்றாலும் 'பழுது'. 'நன்று' என்று சொல்ல மூன்று முறையும் உள்நுழைவுத் திரை வர வேண்டும், அதுவும் ஒரு நிமிடத்துக்குள். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கமிட்டுகள் இருந்தாலும் பாதி பாதியாகக் கழிப்பதால் பதினான்கு படிகளில் முடிந்துவிடும். உங்கள் மடிக்கணினியில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் சேர்த்து லோக்கல்மாட்கான்ஃபிக் வழியாக அமைப்புக் கோப்பை உருவாக்கி, வேறொரு வேகமான கணினியில் கம்பைல் செய்தால் நேரம் பெரிதும் மிச்சமாகும்.

வேங்கைமரம் — 14 செப்டம்பர் 2019

முடிந்தது. தம்பியின் மேசைக்கணினியில் கம்பைல் செய்து, பென்டிரைவில் கொண்டுவந்து, பதினான்கு படிகளும் கடல்வழி சொன்ன முறையில் சோதித்தேன். நாற்காலியை உண்மையிலேயே பின்னால் தள்ளிக்கொண்டேன். மூன்று முறை பூட் செய்ததில் இரண்டு முறை வந்து மூன்றாம் முறை நின்ற கெர்னல்கள் நடுவில் இரண்டு இருந்தன. முதல் பைசெக்டில் நான் ஒருமுறை மட்டுமே பார்த்து 'நன்று' சொல்லியிருப்பேன்.

கடைசியில் வந்து நின்ற கமிட் ரேண்டம் டிரைவரில் இல்லை, ஜிடிஎம்-ஐத் தொடும் எதிலும் இல்லை. அது எக்ஸ்ட்4-இல் இருக்கிறது. ஐநோட் (ஒவ்வொரு கோப்பின் விவரக் குறிப்பு) அட்டவணையைப் படிக்கும் ஃபங்ஷனில், படிப்புக் கோரிக்கைகளைப் 'பிளக்' போட்டுச் சேர்த்து அனுப்பும் சில வரிகள் மட்டுமே அதில் உள்ளன. மீண்டும் பிசகிவிட்டேனோ என்ற ஐயத்தில், ஆர்சி8-இல் அந்த ஒரு கமிட்டை மட்டும் திரும்பப் பெற்றுக் கம்பைல் செய்தேன். ஐந்து முறை பூட் செய்தேன். ஐந்து முறையும் உள்நுழைவுத் திரை வந்தது. மறுபடி சேர்த்தேன், நின்றது.

இன்னொன்றும் கவனித்தேன், அதைச் சொல்லியாக வேண்டும். ஜர்னலில் 5.2-இன் பழைய பூட் பதிவுகள் இருந்தன. அவற்றில் 'சிஆர்என்ஜி இனிட் டன்' வரி பதினோராம் விநாடி, பதினான்காம் விநாடி என்று வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதை ஒட்டியே ஜிடிஎம் எழுந்திருக்கிறது. பழைய கணினி, அதனால் மெதுவாக வருகிறது என்று ஓராண்டாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதும் அது காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

நிரலோடை — 14 செப்டம்பர் 2019

மிகச் சிறப்பான வேலை. பிசகவில்லை, சரியான கமிட்டைத்தான் பிடித்திருக்கிறீர்கள். கெர்னல் அஞ்சல் பட்டியலில் அகமது டார்விஷ் என்ற நிரலாளர் இதே ஆர்சி8-இல் இதே நிலையைக் கண்டு, பைசெக்ட் செய்து, இதே எக்ஸ்ட்4 கமிட்டைச் சுட்டியிருக்கிறார். நான்கு நாட்களாக அங்கே காரசாரமான விவாதம் நடக்கிறது.

எப்படி என்று பார்ப்போம். எக்ஸ்ட்4 ஒரு கோப்பின் ஐநோட்டைப் படிக்கும்போது, அக்கம்பக்கத்து ஐநோட்டுகளும் விரைவில் தேவைப்படும் என்று அட்டவணையில் 32 பிளாக்குகள் வரை முன்கூட்டியே படித்துவைக்கும். இதுவரை அந்த முன்படிப்பு பிளாக் பிளாக்காக, 4 கிலோபைட் சிறு கோரிக்கைகளாகப் போய்க்கொண்டிருந்தது. புதிய கமிட் அவற்றைச் சற்றே பிடித்துவைத்து, அடுத்தடுத்து இருப்பவற்றை ஒன்றாக்கி ஒரே பெரிய கோரிக்கையாக அனுப்புகிறது. 32 சிறு கோரிக்கைகள் 128 கிலோபைட்டின் ஒரே கோரிக்கையாகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டுக்கு அது நல்லது, பூட்டும் வேகமாகிறது. ஆனால் ஒவ்வொரு கோரிக்கை முடியும்போதும் வரும் இன்டரப்டும் அந்த அளவுக்குக் குறைகிறது. இன்டரப்ட் குறைந்தால் குவளை நிறைவது குறைகிறது. 128 பிட் எட்டுவதற்கு முன்பே வட்டு வேலை முடிந்து கணினி அமைதியாகிவிடுகிறது.

5.2-இல் உங்கள் கணினி மயிரிழையில் தப்பிக்கொண்டிருந்தது. நீங்கள் கண்டெடுத்த அந்தப் பழைய பதிவுகள் இதற்கு நேரடிச் சான்று. எக்ஸ்ட்4 கமிட் பிழையை உண்டாக்கவில்லை; ஏற்கெனவே இருந்த பிழையை மூடியிருந்த இரைச்சலை எடுத்துவிட்டது.

இதில் ஒரு செய்தி: எக்ஸ்ட்4, ரேண்டம் டிரைவர் இரண்டுமே தியடோர் ட்ஸோ என்பவரின் பராமரிப்பில்தான் இருக்கின்றன, ரேண்டம் டிரைவரை 1994-இல் முதலில் எழுதியவரும் அவரே. அப்படிப்பட்டவர் பார்வைக்கும் ஒரு மூலையின் மாற்றம் மறு மூலையை முடக்கும் என்று முன்கூட்டித் தெரியவில்லை. யாராலும் கண்டிருக்க முடியாத தொடர்பு என்றே நான் கருதுகிறேன்.

செம்பருத்தி — 14 செப்டம்பர் 2019

இழையை முழுதும் படித்தேன். வேங்கைமரம் அவர்களின் பொறுமையைப் பாராட்டுகிறேன். ஆனால் அஞ்சல் பட்டியலில் பேச்சுப் போகும் திசை எனக்குக் கவலை தருகிறது. கெட்ரேண்டம் சில விநாடிகளுக்கு மேல் காத்திருக்கக் கூடாது, நேரம் கடந்தால் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும் என்கிற யோசனைகள் வந்துகொண்டிருக்கின்றன. இது எதற்காக உருவாக்கப்பட்டதோ அந்த அடிப்படையையே அழித்துவிடும்.

2012-இல் இணையம் முழுவதையும் வருடி நடத்திய ஓர் ஆய்வில், பாதுகாப்பான இணைப்புக்கான டிஎல்எஸ் பயன்படுத்திய சேவையகங்களில் 0.50 சதவீதத்தின் ஆர்எஸ்ஏ தனிச்சாவிகளைக் கணித்தே எடுத்துவிட்டார்கள். பெரும்பாலானவை ரவுட்டர், ஃபயர்வால் போன்ற சிறு கருவிகள். காரணம் இதே காரணம்தான்: முதன்முறை பூட் ஆகும்போது என்ட்ரபி இல்லாமலே சாவிகளை உருவாக்கிவிட்டன. நின்றுபோன கணினி கண்ணுக்குத் தெரியும், அதை யாராவது சரிசெய்வார்கள். பலவீனமான சாவி கண்ணுக்குத் தெரியாது. பல ஆண்டுகள் யாருக்கும் தெரியாமல் கிடக்கும். இரண்டில் எது கொடியது என்று கேட்டால், சந்தேகமே இல்லாமல் இரண்டாவதுதான் என்பேன். திருத்த வேண்டியது ஜிடிஎம்-ஐ. ஒரு திரைக் குக்கீக்காக, அதுவும் பூட்டின் தொடக்கத்தில், நிறுத்திவைக்கும் அழைப்பை அது பயன்படுத்தியிருக்கவே கூடாது.

முகில் — 14 செப்டம்பர் 2019

என்ட்ரபியை உண்டாக்கித் தரும் ஹேவ்ஜ்டு சேவையை நிறுவிவிட்டால் போதாதா? டெபியன் குறிப்பும் அதைத்தானே சொல்கிறது? மேலும், சிஸ்டம்டி ஒவ்வொரு முறையும் அணைக்கும்போது ஒரு விதைக் கோப்பைச் சேமிக்கிறதே, அது எதற்கு?

நிரலோடை — 14 செப்டம்பர் 2019

விதைக் கோப்பைப் பூட்டின்போது யூரேண்டத்தில் எழுதுவார்கள். அது தொட்டியில் கலக்கும், ஆனால் வரவு வைக்கப்படாது. ஒரே வட்டுப் பிம்பத்தை நூறு கணினிகளில் நகலெடுத்தால் நூற்றிலும் ஒரே விதை இருக்குமே என்ற அச்சம்தான் காரணம். ஹேவ்ஜ்டு வேலை செய்யும், வேங்கைமரம் அவர்கள் இன்றைக்கே அதை நிறுவிக்கொள்ளலாம். ஆனால் அது விவரம் அறிந்தவர்களுக்கான மருந்து. கெர்னலைப் புதுப்பித்ததும் கருந்திரையைப் பார்க்கும் பொதுப் பயனருக்கு அது தெரியவராது.

செம்பருத்தி அவர்களின் கவலையை நான் முழுமையாக மதிக்கிறேன். சாவியைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். எனக்கு மாறுபாடு 'ஜிடிஎம்-ஐத் திருத்த வேண்டும்' என்ற இடத்தில்தான். திருத்தட்டும், நல்லது. ஆனால் நேற்றுவரை ஓடிய ஜிடிஎம் இன்று ஓடவில்லை என்றால், இடையில் மாறியது கெர்னல்தான். பயனரிடம் போய் 'உன் மென்பொருள் முதலிலிருந்தே தவறாக எழுதப்பட்டது' என்று சொல்லும் உரிமை கெர்னலுக்குக் கிடையாது என்பது லினக்ஸில் ஆரம்பத்திலிருந்து இருக்கும் விதி. அந்த விதியின் பயனைத்தான் நாம் இத்தனை ஆண்டுகளாக அனுபவிக்கிறோம். பத்தாண்டு பழைய நிரலும் இன்றைய கெர்னலில் ஓடுவது அதனால்தான்.

செம்பருத்தி — 15 செப்டம்பர் 2019

விதியை நானும் ஏற்கிறேன். அப்படியானால் எக்ஸ்ட்4 மாற்றத்தைத் திரும்பப் பெறட்டும், கெட்ரேண்டத்தின் உறுதிமொழியில் கைவைக்க வேண்டாம். என் கோரிக்கை அவ்வளவே.

கடல்வழி — 16 செப்டம்பர் 2019

நேற்று 5.3 வெளியாகிவிட்டது. வெளியீட்டு எண்ணை மாற்றும் கமிட்டுக்கு முந்தைய, கடைசிக் கமிட்டே நம் கமிட்டின் திரும்பப்பெறல்தான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் தம் அறிவிப்பிலேயே இதை எடுத்துச் சொல்லியிருக்கிறார். திரும்பப் பெற்ற மாற்றத்தில் பிழையே இல்லை என்றும், அது செய்ய வந்த வேலையை மிக நன்றாகவே செய்தது என்றும், அப்படிச் செய்ததாலேயே முற்றிலும் தொடர்பற்ற வேறோர் இடத்தில் இருந்த உண்மையான பிழை வெளிப்பட்டது என்றும் விளக்கியிருக்கிறார். யார் மீதும் பழி சொல்லாமல், பயனரின் கணினி பூட் ஆக வேண்டும் என்ற ஒன்றை மட்டும் முன்வைத்து எடுத்த முடிவு. படித்தபோது எனக்கு நிறைவாக இருந்தது.

வேங்கைமரம் — 17 செப்டம்பர் 2019

5.3 நிறுவினேன். பூட் ஆகிறது, திரை பன்னிரண்டாம் விநாடியில் வருகிறது. ஆனால் இப்போது எனக்கு உண்மை தெரியும் என்பதால் அந்தப் பன்னிரண்டு விநாடியும் உறுத்துகிறது. ஹேவ்ஜ்டு வேண்டாம் என்று விட்டிருக்கிறேன், சரியான தீர்வு வரும்போது சோதிக்க வேண்டும் என்பதற்காக.

நிரலோடை — 2 அக்டோபர் 2019

5.4-க்கான இணைப்புக் காலம் (புதிய மாற்றங்களைச் சேர்க்கும் காலம்) முடிந்து ஆர்சி1 வந்துவிட்டது. அதன் கடைசி நாட்களில் லினஸ் தாமே எழுதிய ஒரு பேட்ச் சேர்ந்திருக்கிறது. என்ட்ரபி வரட்டும் என்று கெர்னல் சும்மா காத்திருப்பதற்குப் பதிலாக, யாராவது கேட்டு நிற்கும் நிலை வந்தால் தானே முயன்று உண்டாக்கிக்கொள்ளும். ஒரு டைமரை ஓடவிட்டு, ஒரு சுழற்சிக்குள் பணிகளை மாற்றி மாற்றி ஓட்டி, ஒவ்வொரு சுற்றிலும் செயலியின் சுழற்சி எண்ணியைப் படித்துத் தொட்டியில் கலக்கும். டைமர் ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் ஒரு பிட் வரவு. விநாடிக்கு 250 துடிப்பு உள்ள கெர்னலில் 128 பிட் சேர ஏறத்தாழ அரை விநாடிதான் ஆகும். இன்றைய செயலிகளின் கேச், கிளை ஊகிப்பு, நினைவகத் தாமதம் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணியின் கடைசி இலக்கங்களை முன்னறிய முடியாதபடி ஆக்குகின்றன என்பதே இதன் அடிப்படை. எண்ணி அசையாத பழைய செயலியாக இருந்தால் இந்த வழியே வேண்டாம் என்று உடனே விலகிவிடும்.

அதோடு, திரும்பப் பெற்ற எக்ஸ்ட்4 மாற்றத்தையும் 5.4-இல் மறுபடி சேர்த்துவிட்டார்கள். திரும்பப்பெறலின் திரும்பப்பெறல்.

செம்பருத்தி — 3 அக்டோபர் 2019

நேரம் கடந்தால் எதையாவது கொடுத்துவிடும் யோசனையைவிட இது எவ்வளவோ மேல். கெட்ரேண்டம் கொடுத்த உறுதிமொழி காப்பாற்றப்பட்டிருக்கிறது. ஆனாலும் முழு மனநிறைவு என்று சொல்ல மாட்டேன். பெரிய செயலிகளில் இந்த ஏற்ற இறக்கம் உண்மையாகவே இருக்கிறது. கேச் இல்லாத, ஒரே கடிகாரத்தில் ஓடும் எளிய சில்லுகளில் எண்ணி அசையும், ஆனால் ஒவ்வொரு பூட்டிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி அசையக் கூடும். 2012 ஆய்வில் சிக்கியவை அத்தகைய கருவிகள்தான். ரவுட்டர் போன்றவற்றை உருவாக்குவோர், வன்பொருள் எண் உற்பத்தி உள்ள சில்லைத் தேர்வதும், முதல் பூட்டிலேயே சாவி உருவாக்காமல் தள்ளிவைப்பதும் இன்னும் அவசியம். செயலியின் ஆர்டிரேண்ட் ஒன்றையே நம்பலாம் என்போருக்கு: இந்த ஜூலையில் ஏஎம்டியின் ரைசன் 3000 செயலிகள் வந்தபோது அந்தக் கட்டளை எப்போது கேட்டாலும் எல்லா பிட்டும் ஒன்றாக உள்ள ஒரே எண்ணைத் திருப்பித் தந்தது, புதிய சிஸ்டம்டி உள்ள வினியோகங்கள் அதனால் பூட் ஆகவில்லை, பயாஸ் புதுப்பிப்பு வந்த பிறகே சரியானது. எந்த ஒரு மூலத்தையும் தனியாக நம்பக் கூடாது. பலவற்றைக் கலக்க வேண்டும்.

நிரலோடை — 3 அக்டோபர் 2019

இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

வேங்கைமரம் — 1 டிசம்பர் 2019

சென்ற மாதம் 24-ஆம் தேதி 5.4 வெளியானது. இந்த ஞாயிற்றுக்கிழமைதான் நேரம் கிடைத்தது. அதே மடிக்கணினி, அதே எஸ்எஸ்டி, ஹேவ்ஜ்டு இல்லை, நெட்வொர்க் கேபிள் கழற்றப்பட்டது, நாற்காலி ஓரடி பின்னால்.

பத்து முறை பூட் செய்தேன். பத்து முறையும் உள்நுழைவுத் திரை வந்தது. 'சிஆர்என்ஜி இனிட் டன்' வரி ஐந்தாம் விநாடிக்கும் ஆறாம் விநாடிக்கும் நடுவில் வருகிறது, ஜிடிஎம் கேட்ட நொடியை ஒட்டி. கூடவே இன்டரப்ட் எண்ணிக்கைக் கோப்பையும் பழைய சேவையைக் கொண்டு நாற்பதாம் விநாடியில் எடுத்துப் பார்த்தேன். வட்டுக் கட்டுப்படுத்தியின் வரியில் உள்ள எண் 5.3-இல் இருந்ததைவிட நன்றாகக் குறைந்து, ஆர்சி8-இல் நின்றுபோனபோது இருந்த அளவுக்கே வந்திருக்கிறது. எக்ஸ்ட்4 மாற்றம் உள்ளே இருக்கிறது, இன்டரப்டுகள் குறைவாகவே வருகின்றன, கணினி நிற்கவில்லை.

பதிவெடுக்கும் சேவையை நீக்கிவிட்டேன். இழைத் தலைப்பில் 'தீர்ந்தது' சேர்த்திருக்கிறேன். உதவிய நால்வருக்கும் நன்றி.